சென்னையில் உங்கள் முதல் ரோடு பைக்: கடை வாசலிலிருந்து முதல் மழைக்காலம் வரை

வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், பத்துப் பதினோரு கிலோ எடை. கடைகளில் ரோடு பைக் என்று சொல்கிற இந்த சைக்கிளை 50,000 ரூபாய்க்கும் 1,00,000 ரூபாய்க்கும் நடுவே வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம்தான் வாங்கி வராந்தாவில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும். வேளச்சேரியில் இருந்துகொண்டு ஆறு வருடமாக நான் ஓட்டுவது இப்படிப்பட்ட ஒரு வண்டியைத்தான்.

இந்த வண்டியை வழவழப்பான தார்ச் சாலையை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நமக்கு வாய்த்திருப்பதோ மெட்ரோ வேலை நடக்கும் சாலை, மழைநீர் வடிகால் மூடி, வெள்ளை அடிக்காத வேகத்தடை, கடலிலிருந்து வரும் உப்புக்காற்று. அதனால் வாங்கிய கையோடு வண்டியை ஊருக்கும் உங்கள் உடம்புக்கும் பொருத்த வேண்டியிருக்கிறது. இதைச் செய்யாமல் விட்டு, கழுத்து வலி, இரண்டு பஞ்சர், ஒரு மழை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். நல்ல வண்டிகள் பால்கனியில் துருப்பிடித்து நிற்பதைப் பார்க்க மனசு கேட்காது.

வாங்குவதற்கு முன்

இந்த விலையில் ஃப்ரேம் பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான முன் ஃபோர்க் கார்பனாக இருந்தால் நல்லது, கைக்கு வரும் அதிர்வு கொஞ்சம் குறையும். கியரில் ஷிமானோவின் கிளாரிஸ், சோரா, டியாக்ரா என்ற மூன்று பெயர்களைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். பின்சக்கரத்தில் முறையே 8, 9, 10 பல்சக்கரங்கள். எண்ணிக்கை கூடக் கூட ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி குறையும், மாற்றுவதும் மென்மையாக இருக்கும். ஆனால் நம் ஊர் தட்டையான ஊர். மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. எட்டு கியர் தாராளமாகப் போதும், அதன் செயினும் மலிவு, எளிதாகவும் கிடைக்கும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒருநாள் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால், முன்னால் 50, 34 பற்கள் உள்ள கிராங்கும் (பெடல் மாட்டும் தண்டும் அதோடு சேர்ந்த பல்சக்கரங்களும்) பின்னால் 32 பற்கள் வரை உள்ள பல்சக்கரமும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரேக்கில் சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் நல்லதா, வெளி வளையத்தைப் பிடிக்கும் ரிம் நல்லதா என்று கேட்டால், மழையிலும் ஓட்டுவேன் என்பவர்களுக்கு டிஸ்க். ரிம் பிரேக் நனைந்தால் பிடிக்க ஒரு நொடி கூடுதலாகும், ஈர மண் சேர்ந்து ரிம்மையும் தேய்க்கும். வெயில் நாளில் மட்டும் ஓட்டுவேன் என்றால் ரிம் பிரேக்கே போதும். எடை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம்.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு. "இந்த ஃப்ரேமில் எத்தனை மி.மீ. டயர் வரைக்கும் போகும்?" என்பதுதான் அது. 25 மி.மீ.க்கு மேல் இடமில்லாத ஃப்ரேமை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், சென்னையில் ஓட்ட நான் வாங்கச் சொல்ல மாட்டேன். 28 போக வேண்டும். 32 போனால் இன்னும் நல்லது. வேளச்சேரி நூறடிச் சாலையில் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நன்றி சொல்வீர்கள். கியருக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த பணத்தை ஒரு ஜோடி நல்ல டயருக்குக் கொடுங்கள்.

அப்புறம், கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பெல், அளவுமானி உள்ள பெரிய தரை பம்ப், கையில் எடுத்துப் போகும் சின்ன பம்ப், இரண்டு ட்யூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் லிவர், ஆலன் கீ செட், தண்ணீர் பாட்டில் இரண்டு, மெத்தை வைத்த ஷார்ட்ஸ் எல்லாம் வேண்டும். குறைந்தது 10,000 ரூபாயாவது தனியாக ஒதுக்கி வையுங்கள். சில மாடல்களைப் பெடல் இல்லாமலேயே விற்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு

உங்கள் உயரத்துக்குச் சற்றுப் பெரிய ஃப்ரேம்தான் கடையில் இருக்கிறது, சீட்டை இறக்கிச் சரி செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீட்டை இறக்கலாம், ஃப்ரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது. கை எட்டாமல் நீட்டிக்கொண்டே ஓட்டினால் தோளும் கழுத்தும் ஒரு மாதத்தில் கெட்டுவிடும். ஐந்தடி ஏழு அங்குல உயரம் உள்ளவருக்கு 52 அல்லது 54 அளவு பொருந்தலாம். ஆனால் ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 54 அல்ல. ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடுங்கள்.

சீட் உயரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வளர்ந்தது. அவர்களுடைய ஹெர்குலிஸிலோ பி.எஸ்.ஏ.விலோ ஓட்டக் கற்றவர்கள் இந்த ஊரில் ஏராளம், நானும் அப்பாவின் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன்தான். அந்த வண்டியில் சீட்டில் உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரோடு பைக்கில் அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தேவைக்கு அதிகமாக மடங்கும், முழங்கால் சிப்பியின் முன்புறம் வலிக்க ஆரம்பிக்கும். இதில் நின்ற பிறகு சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் காலை ஊன்ற வேண்டும். இரண்டு நாள் பயமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

அளப்பது எளிது. செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தை இரண்டு தொடைக்கும் நடுவே நன்றாக மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் சுமார் 70.6 செ.மீ. வரும். கிராங்கின் நடுப்புள்ளியிலிருந்து, சீட் கம்பியின் வழியாக, சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும். இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு சரிபாருங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடக்கூடாது. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். சரியான உயரம் கிடைத்ததும் சீட் கம்பியில் இன்சுலேஷன் டேப்பால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கம்பி கீழே இறங்கினால் உடனே தெரியும்.

சீட் தரைக்கு இணையாக இருக்கட்டும். முனை கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கைக்கு வரும். அரை மணி நேரத்தில் சுண்டு விரல் மரத்துப் போனால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் சாய்வைத்தான்.

வண்டி கைக்கு வரும் நாள்

நான் பட்டதை இங்கே சொல்ல வேண்டும். என் முதல் ரோடு பைக்கை எடுத்து மூன்றாவது ஞாயிறு, கோவளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இடது பெடலில் ஒரு ஆட்டம். கடையில் கையால் மட்டும் திருகி அனுப்பியிருக்கிறார்கள், எனக்கு அது தெரியவில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் மிதித்தேன், பெடல் கழன்று கையோடு வந்துவிட்டது. அலுமினியக் கிராங்கில் மரை முழுவதும் அரைந்து போயிருந்தது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இடது பெடலுக்கு மரை உல்டா. மிதிக்க மிதிக்க இறுகணும்னுதான் அப்படி வச்சிருக்கான். ஆனா முதல்ல ஒருதடவை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்கணும்" என்றார். கிராங்கை மாற்றித் தர கடையில் மறுத்துவிட்டார்கள். கைக்காசுதான் போயிற்று.

அதனால் பணம் கட்டியதும் அவசரப்படாதீர்கள். கடையிலேயே அரை மணி நேரம் நில்லுங்கள். இரண்டு பெடலையும் உங்கள் கண் முன்னால் ஸ்பேனர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், வலது பெடல் கடிகார முள் சுற்றும் திசையில், இடது பெடல் அதற்கு எதிர்த்திசையில். முன்சக்கரத்தை இரு கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், வண்டியின் கழுத்துப் பகுதியில் டக் டக்கென்று வந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தளர்வாக இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிரேக் பேடுக்கு நடுவே ஆடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நட்டு போல்ட் பக்கத்தில், எவ்வளவு இறுக்கலாம் என்று நியூட்டன் மீட்டரில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். கார்பன் பாகம் எதிலாவது போல்ட் இறுக்கினால் அந்த எண்ணைத் தாண்டவே கூடாது.

எந்தக் கை எந்த பிரேக் என்பதையும் கேளுங்கள். நம் ஊர் மோட்டார் சைக்கிளில் வலது கை முன் பிரேக். சைக்கிள்களில் சிலவற்றில் அப்படியே இருக்கும், சிலவற்றில் மாறியிருக்கும். அவசரத்தில் எந்தப் பிரேக் என்று யோசிக்க நேரம் இருக்காது. பழகிய பக்கத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன், கிராங்குக்கு அடியில் ஃப்ரேமில் பொறித்திருக்கும் எண்ணை பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் புகார் கொடுக்க இந்த எண் வேண்டும்.

காற்று

டயரில் அடிக்கும் காற்றைச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம். அந்த எண் வரைக்கும் அடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அடித்தால் ஒவ்வொரு சின்னக் கல்லும் முதுகெலும்பில் தெரியும், டயரும் சாலையைப் பிடிக்காமல் துள்ளும். குறைவாக அடித்தாலோ பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். எனக்கு 72 கிலோ எடை. 28 மி.மீ. டயரில் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். 25 மி.மீ. என்றால் 85 முதல் 90 வரை, 32 என்றால் 55 முதல் 60 வரை பொருத்தமாக இருக்கும். உங்கள் எடை கூடுதலானால் கொஞ்சம் ஏற்றுங்கள், குறைவானால் இறக்குங்கள்.

மெல்லிய டயரில் காற்று தானாகவே இறங்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும், அதற்குத்தான் தரை பம்ப். ரோடு பைக்கில் வால்வும் வேறு. ப்ரெஸ்டா என்று பெயர், மெல்லியதாக நீண்டிருக்கும், தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். பெட்ரோல் பங்க் குழாய் இதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று கடைகளில் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. அதை வாங்கிச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள்.

முதல் 200 கிலோமீட்டர்

இந்தத் தூரத்தை வீட்டைச் சுற்றியே முடியுங்கள். அண்ணா நகர், பெசன்ட் நகர் போல அகலமான உள்தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும். அங்கே மூன்று விஷயங்களைப் பழகுங்கள்.

முதலாவது கை வைக்கும் இடம். பெரும்பாலான நேரம் பிரேக் லிவரின் மேற்பகுதியில்தான் கை இருக்கும், இரண்டு விரல் எப்போதும் லிவர் மேல். கீழ் வளைவைப் பிடிப்பது எதிர்காற்றுக்கும் வேகமான இறக்கத்துக்கும். மேலே தட்டையான பகுதியைப் பிடித்துக்கொண்டு டிராஃபிக்கில் போகாதீர்கள், அங்கிருந்து பிரேக்குக்குக் கை எட்டாது.

இரண்டாவது கியர். பிரேக் லிவரையே உள்பக்கம் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும், அதன் பின்னால் உள்ள சின்ன லிவரைத் தட்டினால் இறங்கும். சிக்னல் வருவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாற்றிவிடுங்கள். நின்ற பிறகு மாறாது. முன்னால் பெரிய சக்கரம், பின்னாலும் பெரிய சக்கரம் என்று செயினைக் குறுக்காக இழுத்து ஓட்ட வேண்டாம், தேய்மானம் அதிகம். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதை வீரம் என்று நினைக்காமல், நிமிடத்துக்கு எண்பது சுற்றாவது கால் சுழலும்படி இலகுவாக மிதியுங்கள். முழங்காலுக்கு அதுதான் நல்லது.

மூன்றாவது பிரேக். நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது, ஆனால் பட்டென்று பிடித்தால் தலைகீழாகப் போவோம். உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே இரண்டையும் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். புது டிஸ்க் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது. நல்ல வேகத்தில் போய், நிற்கும் நிலை வரை மெதுவாக்கி, மறுபடி வேகமெடுத்து என்று இருபது தடவை செய்தால் பேட் பதிந்துவிடும்.

இந்த 200 கிலோமீட்டருக்குள் கியர் தானாகத் தாவ ஆரம்பிக்கும். வண்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். புதுக் கேபிளும் அதன் உறையும் தங்கள் இடத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். கடையில் கொடுக்கும் முதல் இலவச சர்வீஸ் இதற்காகத்தான். கட்டாயம் போங்கள், எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சாலையில்

ஓரத்தை ஒட்டியே போகச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். ஒரேயடியாக ஓரத்தில் போனால் மண், கண்ணாடித் துண்டு, வடிகால் மூடி எல்லாம் அங்கேதான் இருக்கும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டு, நேர்கோட்டில் போங்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று தெரிய வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் வெட்டி ஒடிப்பதுதான் ஆபத்து. வடிகால் மூடியில் கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். தூரத்திலேயே பார்த்து, கை காட்டி, விலகிப் போங்கள்.

மாநகரப் பேருந்து இடது பக்கம் நிறுத்தத்துக்கு ஒதுங்கும்போது அதற்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். பின்னால் பொறுமையாக நில்லுங்கள். ஷேர் ஆட்டோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும், அதன் பின்னால் ஒட்டிப் போக வேண்டாம். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பதைவிட, இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு நடப்பது மேல். துரத்த ஆளில்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடும்.

ஈ.சி.ஆர்.

சென்னையில் ரோடு பைக் வாங்கியவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் சாலை இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். திருவான்மியூரில் தொடங்கி நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி தாண்டி முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முதல் நீண்ட பயணத்துக்கு இதுதான் அளவு. பாலத்தில் நின்று உப்பங்கழி வெளுப்பதைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் அலாரம் வைக்கிறேன். பழகிய பிறகு மாமல்லபுரம், போய்வர சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்.

நேரம்தான் இங்கே எல்லாம். ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டும். விடிவதற்கு அரை மணி முன்னால் விளக்குப் போட்டுக் கிளம்பி, எட்டு மணிக்குள் வீடு திரும்புங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏழரைக்கே முடித்துவிட வேண்டும். வார இறுதிக் காலையில் கார்களும் பெரிய பைக்குகளும் காலிச் சாலையில் பறக்கும். பின் சிவப்பு விளக்கைப் பகலிலும் அணைக்காதீர்கள்.

காற்றைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வருவதை வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை என்று நம் முன்னோர் நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தார்கள். ஈ.சி.ஆரில் அந்த நான்கையும் தொடையால் உணரலாம். மார்கழியில் வாடை முதுகில் தள்ள, மாமல்லபுரம் வரை நாம்தான் பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் நிற்கும். அதனால் அந்த மாதங்களில் பலத்தில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். கோடை மாதங்களில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பும், அது வீட்டுக்குத் தள்ளிவிடும். ஆனால் அந்த வெயிலில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்கும் வரை பொறுக்காமல். நம் ஊரில் வியர்வையோடு உப்பும் போகும், வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தொடை இழுக்கும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் எத்தனை மில்லிக்கு என்று போட்டிருக்கும், அதே அளவு தண்ணீர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ அரை மணிக்கு ஒருமுறை. இளநீரும் மோரும் முடித்த பிறகு. தலைவலி, வெயிலில் திடீரென்று குளிர்வது, வியர்வை நின்றுபோவது, இதில் எது வந்தாலும் அங்கேயே நிழலில் இறங்குங்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்யுங்கள். ஓட்டித் திரும்பலாம் என்று பார்க்காதீர்கள்.

மெத்தை ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். ஒவ்வொரு முறையும் துவைத்து நன்றாகக் காய வையுங்கள், ஈரப்பதம் உள்ள ஊரில் இதில் சோம்பல்பட்டால் படை வரும்.

பஞ்சர்

வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். வழியில் உள்ள பஞ்சர் கடைகளில் 700 அளவு மெல்லிய ட்யூப் கிடைக்காது, ஒட்டுப் போட்டாலும் அடாப்டர் இல்லாமல் ப்ரெஸ்டாவுக்குக் காற்று அடிக்க வழி இருக்காது. நம் கையே நமக்கு உதவி.

பின்சக்கரம் என்றால் முதலில் செயினைச் சின்ன பல்சக்கரத்துக்கு இறக்குங்கள். ரிம் பிரேக்கானால் அதைத் தளர்த்தும் லிவரைத் திறந்துவிடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க்கானால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரைத் தொடவே வேண்டாம், பேட் ஒட்டிக்கொள்ளும். மிச்சக் காற்றை வெளியேற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி எடுத்து, ட்யூபை உருவுங்கள். இப்போது அவசரப்படாமல் டயரின் உள்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவுங்கள். கருவேல முள்ளோ, லாரி டயரிலிருந்து தெறித்த கம்பி இழையோ உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் அதுவும் போகும். புது ட்யூபுக்குக் கொஞ்சம் காற்று ஊதி உருவம் வரவைத்து, முறுக்கில்லாமல் உள்ளே வைத்து, வால்வு இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வில் முடியும்படி டயரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுக் காற்று அடியுங்கள். பழைய ட்யூபை எறிந்துவிடாதீர்கள். வீட்டில் ஒட்டுப் போட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உப்பும் வியர்வையும்

கடலோரம் போய் வந்த வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. வியர்வை சொட்டும் இடங்களான ஹேண்டில் பார் போல்ட், ஹெட்செட் மூடி, மேல் குழாய் இவற்றை விட்டுவிடக் கூடாது. ஹேண்டில் டேப்புக்கு அடியிலும் வியர்வை இறங்கி அலுமினியத்தை அரிக்கும். வருடத்துக்கு ஒருமுறை டேப்பைப் பிரித்து, உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். தூசியை இழுத்து, அரைக்கும் பசையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, ஒரே பயணத்தில் காய்ந்துபோகும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் மசகு எண்ணெய் (லூப்) வாங்குங்கள், வெயில் காலத்துக்கு உலர் வகை, மழைக்கு ஈர வகை. மண்ணெண்ணெயில் துடைத்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் முழுவதும் காய்ந்த பிறகே, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். டிஸ்க் தட்டில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

செயின் தேய்ந்ததா என்பதை ஸ்கேலிலேயே அளக்கலாம். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 12 அங்குலம் வைத்தால் புதுச் செயினில் இன்னொரு பின்னின் நடுவில் சரியாக முடியும். அந்தப் பின் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். விட்டுவிட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும், செலவு பல மடங்காகும். எனக்குச் சுமார் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

மழைக்காலம்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஓட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தூறலில் ஓட்டும் சுகம் தனி. ஆனால் தேங்கிய நீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். அடியில் திறந்த மூடி இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், நீர் மட்டம் சக்கரத்தின் நடுவைத் தொட்டால் பேரிங்குக்குள்ளும் போகும். ஈரமான வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு இவற்றின் மேல் வளையவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம், நேராக உருண்டு போய்விடுங்கள். டயரில் ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்தால் பிடிப்பு கூடும். மழை ஓய்ந்த மாலைகளில் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும், நிறமற்ற கண்ணாடி ஒன்று அவசியம்.

நனைந்து வந்த அன்று, சீட் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாக ஐந்து நிமிடம் வையுங்கள். ஃப்ரேமுக்குள் போன தண்ணீர் வடிந்துவிடும். அலுமினிய சீட் கம்பியில் இலேசாகக் கிரீஸ் தடவித் திரும்பப் போட்டால் அரித்து ஒட்டிக்கொள்ளாது. கார்பன் கம்பியானால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரிக் கடைசி வரைதான் இந்த ஊரில் சைக்கிள் ஓட்ட மிக நல்ல காலம். அதற்கு முன்பு, போகி அன்று காலை மட்டும் வீட்டில் இருந்துவிடுங்கள், தெருவெங்கும் புகை நெஞ்சை அடைக்கும். இந்தப் பருவத்துக்குள் மாமல்லபுரம் நாலைந்து முறை போய் வந்திருந்தால், 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூரப் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கலாம். போட்டி கிடையாது, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ட்யூப் கையில் இருக்கட்டும், இரண்டு விளக்கும் கட்டாயம்.